சிப்பாயின் துவக்கு யாருடைய சொத்து?



இது நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களோடு கதையுங்கள்.

போன தவணையில் எங்கள் தரம் 10 பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவன் படமொன்று போட்டிருந்தான். கனடாவில் இருக்கும் அவனுடைய மாமா, தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போனபோது எடுத்த படம். சுவரில் ஐந்து பழைய இராணுவத் துவக்குகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. மரப்பகுதிக்கு எண்ணெய் பூசி, ஒவ்வொன்றின் கீழும் சின்ன அட்டை வைத்து, மேலே விளக்கும் போட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் வகுப்பில் அவன் கேட்டான்: "சேர், இதென்ன சாமியறை மாதிரி வச்சிருக்கிறார்? இதையெல்லாம் ஏன் காசு குடுத்துச் சேர்க்கினம்?" வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "எங்கட வீட்டில துவக்கெண்டு சொன்னாலே அம்மம்மா எழும்பிப் போயிடுவா."

அந்த நேரம் எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. "அது சிலருக்குப் பொழுதுபோக்கு" என்று சொல்லிப் பாடத்துக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் கேட்டது இரண்டு வேறு கேள்விகள் அல்ல, ஒரே கேள்விதான் என்று பிறகு விளங்கியது. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் துப்பாக்கி என்கிறார்கள். நாங்கள் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ. இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் மூலம் துருக்கியரின் "துபெக்" என்ற சொல்தான் என்று மொழி அறிஞர்கள் சொல்வார்கள். பொருளும் சொல்லும் கடல் வழியாகவே இந்தப் பக்கம் வந்தன. போர்த்துக்கேயருடைய கப்பல்களும் துவக்குக் கொண்டு வந்தன, அவர்களை எதிர்த்த முஸ்லிம் கடலோடிகளும் துவக்குப் பிடித்தார்கள். 1538 இல் பாக்கு நீரிணையின் அக்கரையில், மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வேதாளையில், குஞ்ஞாலி மரைக்காரின் படையைப் போர்த்துக்கேயர் தோற்கடித்தார்கள். எங்கள் கரையில் இருந்து பார்த்தால் அது பக்கத்துக் கடல். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியமே போர்த்துக்கேயரிடம் விழுந்தது. சங்கிலியன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

இந்தச் சண்டைகளில் நின்ற அரசர்களின் பெயர் எங்களுக்குத் தெரியும், தளபதிகளின் பெயரும் தெரியும். துவக்கைத் தோளில் சுமந்து நடந்தவனின் பெயர் தெரியாது. அவன் சுமந்த துவக்கும் இல்லை.

இது தற்செயல் அல்ல. 2023 இல் நெதர்லாந்து அரசு இலங்கைக்கு ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது பலருக்கும் நினைவிருக்கும். 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துப் போனவை என்று சொல்லப்படும் பொருட்கள் அவை. அவற்றில் புகழ்பெற்றது லெவ்கே திசாவ கண்டி அரசனுக்குக் கொடுத்த பீரங்கி. வெண்கலத்தில் செய்து, பொன்னும் வெள்ளியும் இரத்தினக் கற்களும் பதித்தது. கூடவே பொன் வாளும் வெள்ளி வாளும் கத்தியும், "மஹ துவக்கு" என்ற இரண்டு பெரிய சுவர்த் துவக்குகளும் வந்தன. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு அவை பத்திரமாக இருந்ததற்குக் காரணம் அவை அரசனுடையவையாகவும் அழகானவையாகவும் இருந்ததுதான்.

சாதாரண சிப்பாயின் துவக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போர் முடிந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழுதானால் திருத்துவார்கள், பழசானால் குறைந்த விலைக்கு வேறொரு நாட்டுக்கு விற்பார்கள். அதற்கும் உதவாவிட்டால் இரும்பை உருக்கி, மரத்தை எரிப்பார்கள். ஒரே மாதிரி இலட்சக்கணக்கில் செய்த பொருளை யார் காப்பாற்றி வைப்பார்கள்? ஆகவே அந்தக் கனடாக்காரர் மாதிரி ஆட்கள் தேடித் தேடிச் சேர்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிப்பாய் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவன் கைபட்ட பொருளில்தான் கொஞ்சம் எழுத்து இருக்கிறது.

அந்தப் படத்தில் நடுவில் இருந்தது லீ என்பீல்ட். எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு இது பழக்கமான துவக்கு. பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய "திறீ நொட் திறீ" இதுதான். குழலின் உள்விட்டம் .303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். பிரித்தானியப் படைக்காக 1895 இல் வந்தது. பிறகு கொஞ்சம் கட்டையாக்கி, 1907 இல் வந்த மூன்றாம் மாதிரிதான் முதலாம் உலகப் போர் முழுவதும் பேசியது. ஏறக்குறைய 4 கிலோ பாரம். ஒரு தடவையில் 10 ரவைகள் போடலாம். பின்பிடியின் பித்தளைத் தட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கக் கயிறும் துணியும் இருக்கும். சிப்பாய் சாப்பிட்டானோ இல்லையோ, துவக்குக்கு எண்ணெய் போடாவிட்டால் தண்டனை.

சேகரிப்பவர்கள் இதை வாசிக்கும் விதம் எங்களுக்கு ஆச்சரியம் தந்தது. கழுத்துப் பகுதியில் முடிச் சின்னமும், அரசரின் பெயர் எழுத்தும், செய்த இடமும், ஆண்டும் அடித்திருக்கும். இங்கிலாந்தின் என்பீல்ட், அவுஸ்திரேலியாவின் லித்கோ, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இஷாப்பூர் என்று இடத்தைக் கண்டுபிடிக்கலாம். குழலில் உள்ள இலக்கமும் பின்னால் இழுக்கும் போல்ட்டில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால், இரண்டும் பிறந்த நாள் முதல் பிரியவில்லை என்று பொருள். வேறுபட்டால், எங்கோ ஒரு பட்டறையில் செத்துப்போன இரண்டு துவக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். முன்மரத்தில் குறுக்கே ஒரு ஆணி இறுக்கியிருந்தால் அது இந்தியப் பட்டறையின் கைவேலை. முன்பகுதியில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால் அது கைக்குண்டை எறிவதற்குப் பயன்பட்டது. வெடிக்கும் உதைப்பில் மரம் பிளக்காமல் இருக்கத்தான் அந்தக் கம்பி.

பின்பிடியின் வலப்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு பித்தளை வட்டம் பதித்த துவக்குகளும் உண்டு. போர்க்கால அவசரத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்த வட்டத்தில் படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கமும் ஒரு இலக்கமும் இருக்கும். அது சிப்பாயின் பெயர் அல்ல. துவக்கு வைக்கும் தட்டில் இதற்கு எத்தனையாவது இடம் என்ற இலக்கம். அதாவது அந்தத் துவக்குக்கு ஒரு நிரந்தர இடம் இருந்தது. அதைத் தூக்கியவன் மாறிக்கொண்டே இருந்தான். ஒருவன் செத்தால் அடுத்தவன்.

எங்கள் தலைப்பின் கேள்விக்கு முதல் விடை இதில் இருக்கிறது. சிப்பாயின் துவக்கு சிப்பாயினுடையது அல்ல. அது அரசின் சொத்து. அரசு அவனை எவ்வளவு நம்பியது என்பதும் அதே துவக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

1857 கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்போது புதிதாக வந்தது 1853 மாதிரி என்பீல்ட். குழலின் உள்ளே சுருள் தவாளிப்பு வெட்டியிருந்ததால் சன்னம் சுழன்று போய் நெடுந்தூரத்தில் குறி தப்பாமல் விழும். ஆனால் மருந்து சுற்றிய கடதாசித் தோட்டாவுக்குக் கொழுப்புப் பூசி, அதைப் பல்லால் கடித்துத் திறக்கச் சொன்னார்கள். அது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சுப் பரவியது. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. 1857 ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களை எல்லோர் முன்னிலையிலும் விலங்கிட்டு அவமானப்படுத்தினார்கள். மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. புதிய துவக்கை வேண்டாம் என்று சொன்னவர்கள் பழைய துவக்கோடுதான் சண்டை பிடித்தார்கள்.

பாடப்புத்தகம் அடுத்த பக்கத்தைச் சொல்வதில்லை. கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கென்று வெளிப்பார்வைக்கு அதே என்பீல்ட் போன்ற ஒரு துவக்கைச் செய்தார்கள். உள்ளே தவாளிப்பு இல்லை, வழவழப்பான குழல். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சுட்டால் தெரியும். அதன் பிறகும் பல பத்தாண்டுகள், வெள்ளைச் சிப்பாயின் கையில் இருந்த துவக்குக்கு ஒரு தலைமுறை பிந்தியதே இந்தியச் சிப்பாயின் கைக்கு வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. சேகரிப்பவர்கள் ".410 மஸ்கட்" என்று ஒன்றைத் தேடி வாங்குவார்கள். அது இஷாப்பூரில் மாற்றிய திறீ நொட் திறீதான். இந்தியப் பொலிசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுப்பதற்காக, குழலின் தவாளிப்பைக் குடைந்து எடுத்துவிட்டு, பத்து ரவை போடும் பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொன்றாகத்தான் போடலாம். இராணுவத்தின் ரவையை அதில் போட்டுச் சுடவும் முடியாது. "காவல் செய், ஆனால் எங்களை நோக்கித் திரும்பினால் உன்னால் ஒன்றும் செய்ய இயலாது" என்பதை ஒரு மரக்கட்டையால் சொல்லியிருக்கிறார்கள். ஆட்சியாளரின் கடிதங்களில் நாகரிகமான வார்த்தைகள் இருக்கும். அந்தக் கட்டையில் உண்மை இருக்கிறது. பழைய துவக்கைச் சேர்ப்பதில் வரலாற்றுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டால், இந்த ஒரு உதாரணத்தையே காட்டுவோம்.

இனி 1915. அந்த ஒரே ஆண்டில் திறீ நொட் திறீ எத்தனை முகம் காட்டியது என்று பாருங்கள்.

அதற்கு முந்திய வருடம், 1914 ஒக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தின் ஹொலபெக்கில் குதாதாத் கான் என்ற பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய், தன்னுடைய இயந்திரத் துவக்குக் குழுவில் எல்லோரும் செத்த பிறகும் தனியாக நின்றார். தெற்காசியாவில் விக்டோரியா சிலுவை பெற்ற முதல் ஆள் அவர்தான். அதற்கு நாலு மாதம் கூட ஆகவில்லை. 1915 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்திய ஐந்தாம் காலாட்படை கிளர்ந்தெழுந்தது. அவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். துருக்கி சுல்தானின் படைக்கு எதிராகத் தங்களை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் 47 பேரைச் சிறைச்சாலையின் வெளிச்சுவரில் நிறுத்திச் சனங்கள் பார்க்கச் சுட்டார்கள். ஒரே அரசின் சீருடையில் நின்ற முஸ்லிம் சிப்பாய்களில் ஒருவருக்குப் பதக்கம், 47 பேருக்குச் சுவர்.

அதே ஆண்டு மே மாதக் கடைசியில் இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டியில் தொடங்கிப் பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசு இராணுவச் சட்டம் போட்டுப் பஞ்சாபிச் சிப்பாய்களையும் தொண்டர் படைகளையும் இறக்கியது. அந்தத் துவக்குகள்தான் எங்கள் மக்களைக் காப்பாற்றின என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது உண்மை. அதே துவக்குகள் கலவரத்தோடு தொடர்பே இல்லாத சிங்களவர்களையும் விசாரணையின்றிச் சுட்டன. அதுவும் உண்மை. 1915 ஜூலை 7 அன்று ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் வேறு யாருமல்ல, அதே அரசின் கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். எங்களைக் காப்பாற்றியது என்பதற்காக அதை நாங்கள் மறைத்துப் பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடமே வந்தது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். இன்றும் இலங்கையில் துவக்குக்கு உரிமம் கேட்கும் சட்டத்தின் அடிப்படை அதுதான். பல திருத்தங்களோடு நூறு வருடம் தாண்டி நடைமுறையில் இருக்கிறது.

எங்கள் நாட்டில் முஸ்லிம் சிப்பாய் என்றால் மலாயரையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலான தீவுகளில் இருந்து கொண்டுவரப்பட்ட வீரர்கள் அவர்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு அவர்களைத் தங்கள் படையில் சேர்த்தார்கள். 1827 இல் அந்தப் படைக்கு இலங்கை றைபிள் படை என்று பெயர் மாறியது. 1873 இல் அதைக் கலைத்துவிட்டார்கள். அவர்கள் தூக்கிய துவக்குகள் அரசின் களஞ்சியத்துக்குத் திரும்பின. ஆனால் அந்தச் சிப்பாய்க் குடும்பங்கள் அரபு எழுத்தில் மலாய் மொழியை எழுதி வைத்த கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டிகளில் காத்தன. 1869 இலேயே கொழும்பில் பாபா ஊனுஸ் ஸல்தின் "அலாமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார். இன்று ஆய்வாளர்கள் தேடி வருவது அந்தக் கடதாசிகளைத்தான். துவக்குப் போய்விட்டது, எழுத்து நின்றது. இதைப் பதிவின் கடைசியில் மறுபடியும் நினைவுபடுத்துவோம்.

சேகரிப்பாளர் உலகில் பெரிதாகப் பேசப்படும் கதை நேபாளத்தினுடையது. காத்மண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய மாளிகையில், நேபாள இராணுவம் நூறு, நூற்றைம்பது வருடமாகக் கழித்து வைத்த துவக்குகள் கூரை வரை குவிந்து கிடந்தன. 2003 இல் அமெரிக்க வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கினார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. பிரௌன் பெஸ், 1853 என்பீல்ட், மார்ட்டினி என்று பிரித்தானியாவின் நூற்றாண்டு அதற்குள் இருந்தது. நேபாளத்திலேயே கையால் செய்த ககேந்திரா றைபிளும் இருந்தது. ஒவ்வொரு உறுப்பையும் அரத்தால் ராவிப் பொருத்தியதால் ஒன்றின் உறுப்பு மற்றதற்குச் சேராது. பலவற்றின் மீது தேவநாகரி எழுத்தில் படைப்பிரிவின் பெயரும் இலக்கமும் வெட்டியிருந்தன. அமெரிக்கச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்த துவக்கு பழம்பொருள் என்ற கணக்கில் வருவதால் அவற்றை விற்பதும் வாங்குவதும் இலகு.

அவை உருக்கப்படாமல் தப்பியது நல்லதுதான். ஆனால் அந்தத் துவக்கைத் தூக்கிய மலைநாட்டுச் சிப்பாயின் பேரப்பிள்ளைக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவருக்குப் போக வேண்டும். வாங்கியவர் தூசி தட்டி, எண்ணெய் போட்டு, அன்போடுதான் வைத்திருப்பார். அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தத் துவக்கின் இலக்கம் அவரிடம், அதைத் தூக்கியவனின் கதை நேபாளத்தில். இரண்டும் சந்திப்பதில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். பின்வாங்குப் பிள்ளையின் அம்மம்மாவுக்கு வருவோம்.

இஷாப்பூர் என்று மேலே இரண்டு மூன்று இடத்தில் எழுதினோம். அதே தொழிற்சாலை திறீ நொட் திறீக்குப் பிறகு "ஒன் ஏ ஒன்" என்ற 7.62 மில்லிமீற்றர் றைபிளைச் செய்தது. அதுதான் இந்திய அமைதிப்படைச் சிப்பாயின் தோளில் வல்வெட்டித்துறைக்கு வந்தது. 1989 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இங்கே நடந்ததை நாங்கள் எழுத வேண்டியதில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்களின் பெயர்கள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அதற்கு முன் 1985 மே மாதத்தில் இலங்கை இராணுவம் செய்ததும் உங்கள் வீடுகளில் இருக்கிறது. இந்த ஊரில் துவக்கைத் தெரிந்தவர்கள் அதன் பின்பிடியின் பித்தளை வட்டத்தைப் பார்த்தவர்கள் அல்ல. குழலின் வாயைப் பார்த்தவர்கள்.

நாங்களும் அப்படித்தான். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, சொன்னவர்களின் கையில் இருந்ததும் துவக்குத்தான். இதை எழுதுகிற எங்கள் தலைமுறையில் பலர் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறக்காதவர்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்து, இன்று உங்கள் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறோம். இதைக் கணக்குத் தீர்ப்பதற்காக எழுதவில்லை. உங்கள் அம்மம்மாவும் எங்கள் உம்மம்மாவும் துவக்கு என்ற சொல் வந்தால் ஏன் எழும்பிப் போகிறார்கள் என்பதற்கு ஒரே விடை இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறோம். பிடித்தவர்கள் வேறு, சீருடை வேறு, மொழி வேறு. நின்று பார்த்த பக்கம் ஒன்று.

இங்கே ஒரு பயம் இருக்கிறது. பழம்பொருள் என்பது காலத்தின் வேலை. 1857 இன் துவக்கைச் சுவரில் பார்த்து இன்று யாரும் அழுவதில்லை. இன்னும் ஐம்பது வருடத்தில் ஒன் ஏ ஒன்னும், இருதரப்பும் தூக்கிய ரி-56 உம் எங்கோ ஒரு சுவருக்குப் போகும். அட்டையில் ஆண்டும் தொழிற்சாலையும் இலக்கமும் சரியாக எழுதியிருக்கும். அது எந்தத் தெருவில் எதைச் செய்தது என்று எழுதியிருக்காது, ஏனென்றால் அது உலோகத்தில் அடிக்கப்படுவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது எண்பது வயதில் எங்கள் திண்ணைகளில் இருக்கிறார்கள்.

ஆகவே அந்த மாணவனுக்கு எங்கள் பதில் இதுதான். தம்பி, அந்தக் கனடாக்காரர் செய்வது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. சாதாரணச் சிப்பாயை மறக்கக்கூடாது என்று அவர் நினைத்திருந்தால் அது நல்ல எண்ணம். ஆனால் சிப்பாயை நினைப்பவர்கள் அவன் முன்னால் நின்றவனையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவருடைய சேகரிப்பில் பாதிக் கதை இருக்கிறது. மற்றப் பாதியைச் சேர்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

எங்களால் இந்த ஊரில் துவக்குச் சேர்க்க முடியாது, சேர்க்கவும் தேவையில்லை. எங்களால் சேர்க்க முடிந்தவை வேறு. இடம்பெயர்ந்தபோது மடித்துக் கொண்டுபோன பங்கீட்டு அட்டை, முகாம் பதிவுத் துண்டு, பாஸ், வெளிநாட்டில் இருந்து வந்த கடிதம், கப்பலில் போனவர்களின் கடலோடிப் புத்தகம், சூடு பட்ட கதவுப் பலகை. அந்தக் காலத்தில் படையிலோ பொலிசிலோ வேலை செய்த ஊரவர் யாராவது இருந்தால் அவர்களின் கதையும் வேண்டும். அவர்களும் சாதாரண சிப்பாய்கள்தான்.

வல்வை மக்களுக்கு இது புதிதல்ல. இங்கே கட்டிய அன்னபூரணியை 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிப் போன மாலுமிகளை இன்றைக்கும் பெயர் சொல்லிக் கதைக்கிறீர்கள். கப்பலை வாங்கிய துரை வேறு ஆள். ஆனால் இந்த ஊர் நினைவில் வைத்திருப்பது பாய் கட்டியவனையும் சுக்கான் பிடித்தவனையும். அந்தப் பழக்கத்தை மற்ற நினைவுகளுக்கும் கொண்டுவரச் சொல்லித்தான் கேட்கிறோம். மலாயர்கள் காத்தது துவக்கை அல்ல, கடதாசியை. அதனால்தான் அவர்களைப் பற்றி இன்று எழுத முடிகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. கிணறு இறைக்கும்போதோ, பனங்காணி துப்புரவாக்கும்போதோ, வேலியடியிலோ பழைய துவக்கு, ரவை, குண்டு எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், கழுவாதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் வெடிமருந்து பழம்பொருள் ஆவதில்லை. இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவிக்க வேண்டும். உரிமம் இல்லாத துவக்கு, எவ்வளவு துருப்பிடித்ததாக இருந்தாலும், சட்டத்தின் முன் துவக்குத்தான்.

இந்தத் தவணையில் எங்கள் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டிலுள்ள ஒரு பழைய கடதாசியை அல்லது பொருளைப் படம் எடுத்து, அதன் கதையை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. அம்மம்மா எழும்பிப் போனால், "அம்மம்மா எழும்பிப் போனா" என்று திகதியோடு எழுதினால் போதும். அதுவும் வரலாறுதான்.

உங்கள் பிள்ளை கொப்பியும் பேனையுமாக வந்து பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.